தட்டும் தவிலும்

சென்ற வைகாசியில், சோழவந்தான் பக்கத்தில் ஒரு சிற்றூரில் நடந்த அம்மன் பொங்கலுக்குப் போயிருந்தோம். ஒரு புறம் தென்னந்தோப்பு, மறு புறம் வெற்றிலைக் கொடிக்கால், நடுவே கோயில். அழைத்தவர் நம்முடன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் நண்பர். கோயில் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸில், "மாலை 6 மணிக்கு நையாண்டி மேளம், 8 மணிக்கு மாபெரும் டிஜே" என்று கண்டிருந்தது. 'மாபெரும்' என்ற அடைமொழி மேளத்துக்குக் கிடைக்காமல் டிஜேக்கு மட்டும் கிடைத்திருந்ததைக் கவனித்தோம்.

காரணம் சீக்கிரமே தெரிந்து விட்டது. நையாண்டி மேளம் என்றால் நமது மதுரைச் சீமையில் இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், பம்பை, உறுமி, தமுக்கு என்று ஏழெட்டுப் பேராவது நிற்பார்கள். அன்று நின்றவர்கள் மூன்றே பேர். ஒரு நாகஸ்வரம், ஒரு தவில், ஒரு உறுமி. "வரி வசூல் இந்த வருஷம் மந்தம், வாத்தியாரய்யா. இளவட்டங்களோ டிஜே இல்லாமல் பொங்கலே வேண்டாம் என்கிறார்கள். எங்கேயாவது குறைத்துத்தானே ஆகவேண்டும்?" என்றார் விழாக் கமிட்டிப் பெரியவர். குறைத்த இடம் மேளம்.

எட்டு மணிக்கு மேடையேறிய டிஜே இளைஞரைப் பார்த்ததும் நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினைந்து வருஷங்களுக்கு முன் நம்மிடம் ஒன்பதாம் வகுப்பில் கணக்குப் படித்த பையன்! கீழே தவிலை இறக்கி வைத்து வியர்வையைத் துடைத்துக் கொண்டிருந்தவர் அவனுடைய தகப்பனார். தகப்பனாரின் சம்பளத்தை வெட்டி மகனுக்குக் கொடுத்திருக்கிறது ஊர். இருவருக்கும் அது தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அன்று மேடையில் நடந்ததைச் சொல்வதற்கு முன்பு, இந்த டிஜே வித்தை என்னவென்று நமது நேயர்களுக்குச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் காலேஜ் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

டிஸ்க் ஜாக்கி என்பது அமெரிக்க ரேடியோக்காரர்கள் வைத்த பெயர். பிறர் பாடிப் பதிந்த இசைத்தட்டைப் போடுகிறவர் என்று பொருள். கேட்டால் அற்பமான காரியமாகத் தோன்றும். நம் பாட்டனார் காலத்தில் கலியாண வீட்டுக்குக் கிராமபோன் பெட்டி கொண்டு வந்தவரும், நம் பால்யத்தில் புளியமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டிய ரேடியோ செட்டுக்காரரும் இதையேதான் செய்தார்கள். ஆனால் டிஜேயிடம் தட்டு ஓட்டும் பெட்டிகள் இரண்டு. ஒன்றிலுள்ள பாட்டு ஊர் முழுவதும் கேட்கிறது. மற்றதிலுள்ள பாட்டைக் காதில் குழல் வைத்து அவர் மட்டும் கேட்கிறார். இரண்டாவதன் வேகத்தைச் சற்றே கூட்டியோ குறைத்தோ முதல் பாட்டின் அடியோடு அடி பொருந்தச் செய்து, பிறகு மெதுவாக ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாண்டுகிறார். ஆடுகிறவன் கால் இடறுவதில்லை. 1972-ல் ஜப்பானிலிருந்து வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 என்ற பெட்டி இந்தக் கலைக்குப் பேர்போனது. அதன் பின்வந்த மாதிரியில் வேகத்தை எட்டுச் சதவிகிதம் வரை ஏற்றவும் இறக்கவும் ஒரு தள்ளுகோல் உண்டு. இப்போது தட்டுப் போய் லாப்டாப்பும் பென் டிரைவும் வந்து விட்டன. தள்ளுகோல் மட்டும் நிலைத்திருக்கிறது.

இந்த வித்தையில் ஒரு குறை உண்டு. தட்டில் இருப்பது எப்போதோ, எங்கேயோ, எவரோ வாசித்து முடித்த வாசிப்பு. எதிரே நிற்கும் ஜனங்கள் உற்சாகம் கொண்டாலும் சோர்ந்தாலும் அதற்குத் தெரியாது. தவில்காரருக்குத் தெரியும். கரகம் ஆடுகிறவளின் கணுக்காலைப் பார்த்துக் கொண்டே அடிப்பவர் அவர்.

இக்குறையை உணர்ந்து பரிகாரம் தேடியவர்களில் ஒரு சாரார் அமெரிக்காவில் சிகாகோ, டெட்ராயிட் நகரங்களைச் சேர்ந்த கறுப்பின இளைஞர்கள். ஜப்பானில் இகுடாரோ காகெஹாஷி என்பவர் 1972-ல் தொடங்கிய ரோலண்டு கம்பெனி, 1980-ல் டி.ஆர். 808 என்றும், 1983-ல் டி.ஆர். 909 என்றும் இரண்டு தாள யந்திரங்களை வெளியிட்டது. வாத்தியக்காரர் இல்லாத இடத்தில் ஒத்தாசைக்கு வைத்துக் கொள்ளலாம் என்பது உத்தேசம். நிஜமான டிரம் போலச் சத்தம் வரவில்லையே என்று சங்கீதக்காரர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். 909 சுமார் பத்தாயிரத்தோடு நின்று போயிற்று. விலை போகாத சரக்கு பழைய சாமான் கடைக்கு வந்தது. அங்கேதான் கையில் காசில்லாத பிள்ளைகள் அதைக் கண்டெடுத்தார்கள்.

டெட்ராயிட்டைச் சேர்ந்த டெரிக் மே தம்மிடமிருந்த ஒரு 909-ஐச் சிகாகோவிலிருந்த பிராங்கி நக்கிள்ஸ் என்ற டிஜேக்கு விற்ற கதை அந்தச் சங்கீத உலகில் எல்லோரும் அறிந்தது. நக்கிள்ஸ் அதைத் தமது தட்டுப் பெட்டிகளுக்கு அருகில் வைத்துக்கொண்டு, பாட்டு ஓடும் போதே அதன் மேல் புதிய அடிகளைச் சேர்த்தார். பழைய பாட்டுக்குப் புது இடுப்பு வந்தது. டெட்ராயிட்காரரான ஜெப் மில்ஸ் இதை ஒரு சாதகமாகவே வளர்த்தார். மூன்று தட்டுகளையும் மாற்றிக் கொண்டே, எல்லாவற்றையும் நிறுத்தி விட்டு, வெறும் 909-ஐ மட்டும் பத்து விரலால் அவர் வாசிக்கும் காட்சி 2004-ல் படமாகவே வெளிவந்தது. பிற்பாடு அவர் நைஜீரியாவின் டிரம் மேதை டோனி ஆலனுடன் அதே யந்திரத்தை வைத்துக் கொண்டு ஜதை சேர்ந்தார். 2018-ல் அவர்களுடைய இசைத்தட்டு வந்தது. தோலும் கம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக் கொண்டன என்று சொல்ல வேண்டும்.

நம் தேசமும் இதில் பின்தங்கியிருக்கவில்லை. பம்பாய் சினிமா வாத்தியக்காரரான சரண்ஜித் சிங், 1982-லேயே 808-ஐத் தாளத்துக்கு வைத்துப் பத்து ராகங்களை வாசித்து ஒரு தட்டுப் போட்டார். அப்போது அதை வாங்குவாரில்லை. 2010-ல் வெளிநாட்டார் மறுபதிப்புச் செய்த பிறகே, இவர் அல்லவோ முன்னோடி என்று உலகம் மூக்கில் விரலை வைத்தது. நம்முடைய அண்டை வீட்டுக்காரர் என்றே சொல்லத் தக்க பண்ணைப்புரத்து இளையராஜா, 1986-ல் 'புன்னகை மன்ன'னில் கம்ப்யூட்டரைத் தாளம் போட வைத்ததும் நேயர்களுக்கு நினைவிருக்கலாம். அது ஸ்டூடியோவுக்குள் நடந்த காரியம். ஜனங்களின் முன்னிலையில் அந்தக் கணத்தில் செய்வது வேறு.

எப்படிச் செய்கிறார்கள்? யந்திரத்தின் முகத்தில் பதினாறு பொத்தான்கள் வரிசையாக இருக்கின்றன. நாலு அடி கொண்ட ஒரு சுற்றை, ஒவ்வோர் அடியையும் நாலாகப் பிரித்தால் பதினாறு கட்டம். 'தகதிமி' என்று நாலு தரம் சொல்லிப் பாருங்கள், அவ்வளவுதான். ஒரு விளக்கு முதற்கட்டத்திலிருந்து பதினாறாவது வரை ஓடி மறுபடி முதலுக்கு வருகிறது. எந்தப் பொத்தானை அமுக்கியிருக்கிறோமோ அந்தக் கட்டத்தில் அடி விழும். நிமிஷத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடிக்கு அரை விநாடி. ஒரு கட்டத்துக்கு எட்டில் ஒரு விநாடி. விளக்கு ஓடிக் கொண்டே இருக்கும். நாம் அதற்குள் அடியைச் சேர்க்கவும் எடுக்கவும் வேண்டும். மாசி வீதியில் சித்திரைத் தேர் ஓடும் போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவரைப் பார்த்திருக்கிறீர்களே, அவருடைய கண்ணும் கையும் இதற்கு வேண்டும்.

தட்டோடு யந்திரத்தைச் சேர்த்து ஓட்டுவதில்தான் சங்கடமெல்லாம். தட்டு 120-லும் யந்திரம் 120½-லும் ஓடுகிறது என்று வைத்துக் கொள்வோம். அரை அடி வித்தியாசந்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டால் பதினைந்தே விநாடியில் இரண்டும் ஒரு விநாடியில் பதினாறில் ஒரு பங்கு விலகி விடுகின்றன. காதுக்கு அது ஒரே அடியாக இராது. குதிரை தடுக்கி ஓடுவது போல இரட்டை அடியாகக் கேட்கும். இக்காலத்துப் புதிய பெட்டிகள் ஒன்றுக்கொன்று கம்பியால் பேசிக் கொண்டு வேகத்தைத் தாமே பொருத்திக் கொள்கின்றன; 2016-ல் ரோலண்டு கம்பெனியே தட்டு ஓட்டியையும் தாள யந்திரத்தையும் ஒரே பெட்டியாக்கி விற்றது. ஆனால் நமது பழைய சினிமாப் பாட்டுக்களிடம் இந்தச் சாமர்த்தியம் செல்லாது. அவை மனிதர்கள் கூடியிருந்து வாசித்தவை. பல்லவியில் ஒரு வேகம், சரணத்தில் ஒரு மயிரிழை கூடுதல், மறுபடி பல்லவிக்கு வரும் போது தபேலாக்காரர் சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம். நூல் பிடித்தாற்போல் நேராக ஓடும் யந்திரம் அந்தப் பாட்டின் பக்கத்தில் முரட்டு மாடாகி விடுகிறது. ஆகவே கை திருகாணியை விட்டு அகலக் கூடாது. இன்னொன்று: தட்டிலும் கனத்த அடி, யந்திரத்திலும் கனத்த அடி என்றால் இரண்டும் மோதிக் குழம்பும். தட்டிலுள்ள அடித் தொனியை அடக்கி வைத்த பிறகுதான் யந்திரத்தைத் திறக்க வேண்டும். யந்திர அடியின் ஸ்ருதியையும் பாட்டின் ஆதார ஸ்ருதிக்கு ஒட்டித் திருகிக் கொள்ள வேண்டும். நம்மூர்ப் பறை வாசிப்பவர்கள் சுள்ளி கொளுத்தித் தோலை அனலில் வாட்டுகிறார்களே, அதே காரியந்தான் இங்கே ஒரு திருகாணி.

இவையெல்லாம் எங்கும் உள்ள சங்கடங்கள். மதுரைக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது. மேல்நாட்டு நடன சங்கீதம் 'தகதிமி'யில் நடப்பது. நமது கும்மியும் தெம்மாங்கும் பெரும்பாலும் 'தகிட தகிட' என்று திஸ்ரத்தில் துள்ளுபவை. பதினாறு கட்டத்தில் திஸ்ரத்தை உட்கார வைப்பது, நாலு கால் பலகையில் மூன்று கால் முக்காலியைப் பொருத்துவது போல. அதனால் பட்டணத்திலிருந்து வரும் டிஜேக்களில் பலர், கிராமத்துப் பாட்டை எடுத்து அதன் அடியில் ஒரு 'டும்டும்'மைப் பலவந்தமாகத் திணித்து, பாட்டின் இடுப்பை ஒடித்து விடுகிறார்கள். ஜனங்கள் சத்தத்தில் மயங்கி ஆடுகிறார்கள். கிழவிகள் மாத்திரம் எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கிழவிகளின் தீர்ப்பை நாம் ஒப்புக் கொள்கிறோம். யந்திரத்தின் மேல் குற்றமில்லை. பதினாறைப் பன்னிரண்டாக்கி, அடிக்கு மூன்று கட்டமாக ஓட்ட அந்தப் பழைய 808-லேயே வழி வைத்திருக்கிறார்கள். திஸ்ரம் காதில் ஊறிய கை ஒன்று அதை ஓட்ட வேண்டும். அவ்வளவே.

அந்தக் கை எங்கிருந்து வரும்? இங்கே நாம் வெட்கத்துடன் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மேடை மீதிருந்த அந்தப் பையனுக்கு ஒன்பதாம் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. நாம் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் அவன் விரல்கள் பெஞ்சின் மேல் பேச ஆரம்பிக்கும். முதலில் எச்சரித்தோம்; பிறகு வாசலில் நிறுத்தினோம்; ஒரு நாள், "தவில் அடித்துத்தான் பிழைக்கப் போகிறாயா?" என்று கேட்டோம். வகுப்பே சிரித்தது. நன்மைக்குத்தான் சொன்னோம் என்று அன்றைக்கு எண்ணம். அவன் தகப்பனார் தவில் அடித்துத்தான் பிழைத்துக் கொண்டிருந்தார் என்பது அச்சமயம் நமது புத்திக்கு எட்டவில்லை.

இந்தச் சிரிப்பு நமது வகுப்பறையோடு நின்றதல்ல. பறைக்கும் உறுமிக்கும் தவிலுக்கும் படித்த குடும்பங்கள் கொடுத்து வந்த மரியாதை எப்படிப்பட்டது என்பதை நாம் அறிவோம். வேலியில் வேம்பை வெட்டி வளையமாக்கித் தோலைப் போர்த்தி, ஒரு கையில் மெல்லிய சிம்பும் மறு கையில் குட்டைக் குச்சியுமாக அடிக்கும் பறையை, சாவு வீட்டோடு சேர்த்து ஒதுக்கி வைத்தோம்; அடிப்பவரையும் அத்துடன் ஒதுக்கினோம். அலங்காநல்லூரிலிருந்து அதே பறையை எடுத்துக் கொண்டு ஊரூராய்ப் பயிற்றுவித்து வந்த வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. விருது வந்த பிறகு கை தட்டுவது சுலபம். இன்று கலியாண மண்டபங்களில் ரிதம் பேட் என்ற ஒரு பலகையைக் காண்கிறோம். எட்டுக் கட்டம் போட்ட ரப்பர்ப் பலகை. 1985-ல் ரோலண்டு கம்பெனி கொண்டு வந்ததன் சந்ததி. நமது மெல்லிசைக் குழுக்களில் அது இல்லாத குழு அபூர்வம். குச்சியால் தட்டினால் பறை, உறுமி, தவில், பம்பை எதுவும் பேசும். ஒவ்வொன்றும் யாரோ ஒரு கலைஞர் ஒரு நாள் அடித்து ஒலிப்பதிவில் கொடுத்த அடி. பலகைக்குள் இருக்கும் பறைக்குச் சந்தனமும் பன்னீரும் மணக்கும் கூடத்தில் இடம் கொடுக்கிறோம். பறை வாசிப்பவர் வந்தால் வாசலில் நிறுத்தி வைக்கிறோம். ஒருவர் பலகையைத் தட்டினால் ஆறு பேருக்குக் கூலி மிச்சம் என்ற கணக்கும் இதற்குள் இருக்கிறது. கணக்கு வாத்தியார் என்ற முறையில் அதைத் தப்பென்று சொல்ல நம்மால் முடியவில்லை. அந்த ஆறு பேரும் அன்றிரவு என்ன சாப்பிடுவார்கள் என்பது அக்கணக்கில் வராது.

சரி, மேடைக்குத் திரும்புவோம்.

முதல் மூன்று பாட்டும் எல்லா டிஜேக்களும் போடுவதைப் போலவே போயின. நாலாவதாக ஒரு தெம்மாங்கு மெட்டைப் போட்டான். பிறகு, ஒரு துணியை விலக்கி, பதினாறு பொத்தான் பெட்டியை முன்னே இழுத்தான். பன்னிரண்டு விளக்குகள் மாத்திரம் எரிந்தன. பாக்கி நாலும் இருட்டு. தட்டின் அடித் தொனியை அடக்கி விட்டு ஒவ்வோர் அடியாகச் சேர்த்தான். ஒரு சுற்றுக்கு ஒன்று. ஐந்தாவது சுற்றில் அது நமது ஊர் நடையாயிற்று. எழுந்து போகத் தலைப்பட்டிருந்த ஒரு கிழவி முந்தானையைச் செருகிக் கொண்டு மறுபடி உட்கார்ந்ததைக் கண்ணால் கண்டோம்.

அப்புறம் பையன் மைக்கில் ஒன்றும் சொல்லவில்லை. கீழே பார்த்துத் தலையை அசைத்தான். தகப்பனார் சிறிது நேரம் பார்க்காதவர் போல இருந்தார். பிறகு வலது கை விரல்களில் கூடுகளை மாட்டிக் கொண்டு, இடது கையில் கழியுடன் மேடையேறினார். உறுமிக்காரர் கீழேயே நின்று, வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து முனக வைத்தார்.

நேயர்களே, யந்திரத்தோடு தவில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நாம் முன்னரே ஊகித்திருந்தோம். நல்ல தவில்காரர் சூடு பிடித்தால் காலப் பிரமாணம் நிமிர்ந்து கொண்டே போகும். யந்திரம் அசையாது, ஆகவே கால் நிமிஷத்தில் சண்டை. அப்படித்தான் ஆகும் என்று நண்பரிடம் ரகசியமாகச் சொல்லியும் விட்டோம். மேளம் நிமிரத்தான் செய்தது. ஆனால் பையனின் இடது கை ஒரு திருகாணியின் மேல் இருந்தது. அவன் பெட்டியைப் பார்க்கவேயில்லை. தகப்பனாரின் வலது மணிக்கட்டைப் பார்த்துக் கொண்டிருந்தான். மணிக்கட்டு முந்த, திருகாணி நகர்ந்தது. தட்டு யந்திரத்தோடு பிணைக்கப்பட்டிருந்ததால் பாட்டும் கூடவே வந்தது. ஸ்ருதி மாறாமல் வேகம் மட்டும் மாறும்படி ஒரு பூட்டு உண்டாகையால் பாடகியின் குரல் கீச்சிடவும் இல்லை. பெட்டியின் சிறிய கண்ணாடியில் எண் 112-ல் ஆரம்பித்தது. நாம் பார்த்துக் கொண்டிருக்கும் போதே 114, 115. கடைசியில் 119-ல் நின்றது. ஊரில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. ஆடியவர்களின் கால்களுக்கு மாத்திரம் தெரிந்திருக்கும்.

ஒலிபெருக்கிகளைப் பொதுவாக இரவு 10 மணிக்கு நிறுத்தி விட வேண்டும் என்பது 2000-ஆம் வருஷத்து விதி. போலீஸ்காரர் ஒருவர் கைக்கடியாரத்தைப் பார்த்துக் கொண்டே ஓரமாக வந்து நின்றார். நிறுத்தினார்கள். மேடைக்குப் பின்னால் போய்ப் பையனைக் கண்டோம். காலைத் தொட வந்தவனைத் தடுத்து, இந்தப் பன்னிரண்டு கட்டத்தை எங்கே படித்தாய் என்று கேட்டோம். பெட்டிக்கடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினான். வரைபடத்துக்கு உபயோகிக்கும் கட்டத்தாள். பக்கம் பக்கமாகப் பென்சில் புள்ளிகள். "அப்பா வாசிக்கிறதைக் கேட்டு இதிலே குறிச்சுக்குவேன், ஐயா. நீங்க கிராப் போடச் சொல்லிக் கொடுத்தீங்களே" என்றான். நாம் கேட்ட அந்தக் கேள்வி அவனுக்கு நினைவிருக்கிறதோ என்னவோ, நாம் அதை எடுக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. கமிட்டிப் பெரியவரிடம் மட்டும் போய், அடுத்த வருஷம் பம்பையும் இரண்டாம் தவிலும் வருவதானால் நமது வரியை இரட்டிப்பாக எழுதிக் கொள்ளலாம் என்று சொல்லி வைத்தோம். "நீங்க இந்த ஊர்க்காரரே இல்லையே, வாத்தியாரய்யா!" என்று அவர் சிரித்தார். ஆனாலும் நோட்டில் எழுதிக் கொண்டார்.

பஸ் போய்விட்டது. நண்பர் வண்டி கொண்டு வரும் வரை தென்னை மரத்தடியில் நின்றோம். ஸ்பீக்கர்ப் பெட்டிகளைப் பையன்கள் மினி லாரியில் ஏற்றிக் கொண்டிருந்தார்கள். தகப்பனார் தவிலுக்கு உறை போட்டுக் கொண்டே மகனைக் கேட்டது நம் காதில் விழுந்தது.

"கடைசியிலே கொஞ்சம் ஓடிட்டேனோடா?"

"இல்லேப்பா. தட்டுத்தான் பின்தங்கிருச்சு."